ஏழாம் விடியலின் தேதி

தாமரைச்செல்வி எண்ணைச் சொல்வாள், சிவபாண்டி எழுதுவான். மார்ச் மாதத்தில் அடுத்தடுத்துப் பத்து விடியல்கள் அப்படித்தான் போயின. கண் தங்கையுடையது, கையெழுத்து அண்ணனுடையது. இரண்டிலும் தப்பு வராது என்று சிவபாண்டி யாரிடம் வேண்டுமானாலும் பந்தயம் கட்டியிருப்பான்.

செல்லூரில் அவர்களுக்குக் கீழே பட்டறை, மேலே வீடு. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிப் புதுக் காயில் கட்டுவது அவன் தொழில். படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. பழைய கம்பியை அவிழ்க்கும்போது எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணுவான். நடுவில் யார் கூப்பிட்டாலும் பதில் வராது. எண்ணி முடித்து, நீள நோட்டில் எழுதி, தேதி போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்த பிறகுதான் தலை நிமிரும். எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்துபோன மோட்டாருக்கு எத்தனை சுற்று என்று கேட்டாலும் நோட்டைப் புரட்டிச் சொல்லிவிடுவான்.

அவனைவிட எட்டு வயது சின்னவள் தாமரைச்செல்வி. கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. இடது கையில் மாதிரி வாஷர், வலது கையில் புதிதாக வந்த வாஷர். இரண்டையும் விளக்கில் காட்டி, மினுக்கத்தில் இம்மி வித்தியாசம் இருந்தாலும் கூடையில் எறிந்துவிடுவாள். ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கில் அவள் கண்ணைக் கடந்து போகும்.

வானத்தின் பக்கம் அவள் திரும்பியது கல்லூரி மூன்றாம் வருஷத்தில். ஊரில் வானம் பார்க்கிற குழு ஒன்று உண்டு. வங்கியில் வேலை பார்க்கும் ஸ்ரீராம்குமார்தான் அதற்குத் தலைவர். ஒரு பள்ளி மைதானத்தில் தொலைநோக்கி வழியாக வெயிலை வெள்ளைத்தாளில் விழவைத்து, சூரியனில் இருக்கும் கரும்புள்ளிகளைக் காட்டினார்கள். எல்லோரும் பார்த்துவிட்டுப் போனார்கள். இவள் மட்டும் புள்ளிகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டு மறுநாளும் போய் நின்றாள்.

"சார், இந்தப் புள்ளி நேத்து இங்க இருந்துச்சு. இன்னைக்கு இம்புட்டு தள்ளிப் போயிருக்கு" என்றாள்.

ஸ்ரீராம்குமார் அவள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, அங்கேயே அவள் பெயரைக் குழுவில் எழுதிக்கொண்டார். இந்தக் கதையைச் சிவபாண்டி பட்டறைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். கிணற்று மோட்டார் எரிந்து, பயிர் வாடுகிறதே என்ற கவலையில் நிற்பவரும் அதைக் கேட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

இந்த வருஷம் மார்ச்சில் ஒரு வால்மீன் சூரியனை நோக்கி வந்துகொண்டிருந்தது. சூரியனுக்கு மிக அருகில் போய், தப்பித்தால் திரும்பி வெளியே வரும். இல்லையென்றால் உடைந்து தூளாகிவிடும். அருகில் போகப் போக அதன் ஒளி எப்படி ஏறுகிறது என்று உலகம் முழுக்கப் பலர் அளந்து, ஒரு பொதுப் பட்டியலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மதுரைக் குழுவின் அறிக்கையும் அதில் சேரவேண்டும். குழுவில் மற்றவர்கள் இரண்டு நாள் விடிகாலை எழுந்து பார்த்துவிட்டுக் கழன்றுகொண்டார்கள். ஸ்ரீராம்குமார் தணிக்கை வேலையாகக் கோயம்புத்தூர் போய்விட்டார். பத்து நாளும் விடாமல் போனது அண்ணனும் தங்கையும்தான்.

"நீங்க போய் நிக்கலைன்னா அது சூரியனச் சுத்தாதாக்கும்?" என்பாள் அம்மா செல்லத்தாய். சொல்லிக்கொண்டே பிளாஸ்கில் காப்பி ஊற்றிக் கொடுப்பாள்.

நாலு மணிக்குப் பட்டறையில் விளக்கைப் போடுவான் சிவபாண்டி. முதல் வேலையாக நோட்டை விரித்து, சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்த்துத் தேதி எழுதுவான். பிறகு வண்டியை வெளியே எடுப்பான். வைகையைத் தாண்டி, சிலைமானும் தாண்டி ஒரு கண்மாய்க்கரை. கிழக்கே ஒரு பனைகூட மறைக்காத வெளி. அங்கே தாமரைச்செல்வி பைனாகுலரைத் தூக்குவாள்.

அவள் முறை கம்பெனியில் கற்றதுதான். வால்மீனின் தலை பஞ்சுபோல இருக்கும், நட்சத்திரம் ஊசிமுனைபோல இருக்கும். இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. அதனால் பைனாகுலரின் திருகைத் திருப்பி நட்சத்திரத்தையும் பஞ்சுபோல ஊதவைப்பாள். அதுதான் மாதிரி. அதன் ஒளி எவ்வளவு என்று புத்தகத்தில் இருக்கிறது. வால்மீன் அதற்கு மேலா கீழா என்று பார்த்துச் சொல்வாள். எண் குறையக் குறைய ஒளி கூடுதல் என்று கணக்கு. எண்ணைச் சொன்னதும் நோட்டை வாங்கி, கண்ணில் பட்டதை நாலு கோட்டில் படமாகவும் போட்டுவிடுவாள்.

சிவபாண்டிக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. கிழக்கு வெளுத்துச் சிவக்கத் தொடங்கியதும் பைனாகுலர்முன் கையை வைத்து மறைத்துவிடவேண்டும். பார்த்துக்கொண்டிருக்கும்போது சூரியன் எட்டிப் பார்த்தால் கண் போய்விடும். "போதும் தாமரை" என்பான். ஒருநாளும் அவள் "இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சியதில்லை. வேலை அதற்குள் முடிந்திருக்கும்.

ஆறாம் விடியலில் அவள் சொன்னது நாலு புள்ளி ஒன்று. ஏழாம் விடியலில் பைனாகுலரைத் தூக்கியவள் உடனே கீழே இறக்கினாள். வெறுங்கண்ணால் பார்த்தாள். மறுபடி தூக்கினாள்.

"என்னம்மா?"

"பேசாத அண்ணே."

மூன்று நட்சத்திரங்களோடு ஒப்பிட்டாள். முதலிலிருந்து இன்னொரு முறை ஒப்பிட்டாள்.

"எழுதிக்க. மணி அஞ்சு இருபது. ரெண்டு புள்ளி நாலு."

"நேத்து நாலு சொன்ன?"

"நேத்து நாலுதான். இன்னைக்கு வெடிச்சிருக்கு. நீயே பாரு, வெறுங்கண்ணுக்கே தெரியுது. பிறைக்குப் பக்கத்துல."

சிவபாண்டி பார்த்தான். மெல்லிய பிறைக்கு வலதுபுறம், இரண்டு விரல் தள்ளி, ஒரு வெள்ளைக் கீற்று நின்றது. அவனுக்கு வானம் தெரியாது. ஆனாலும் தங்கை இப்போது பெரிதாக ஒன்றைப் பிடித்துவிட்டாள் என்பது அவள் மூச்சிலேயே தெரிந்தது. ரெண்டு புள்ளி நாலு என்பதை எண்ணாகவும் எழுத்தாகவும் எழுதினான்.

இன்னும் மூன்று விடியல்கள். பிறகு வால்மீன் சூரியனின் வெளிச்சத்துக்குள் போய்விட்டது. தரையிலிருந்து இனி யாருக்கும் தெரியாது. கம்பெனி வேலை முடிந்து வந்த ஒரு மாலையில் தாமரைச்செல்வி நோட்டைப் பார்த்துப் படிவத்தை நிரப்பினாள். பட்டியல் உலக நேரத்தில் கேட்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. நமக்கு விடிகாலை ஐந்து இருபது என்றால் அங்கே முந்தைய நாள் இரவு பதினொன்று ஐம்பது. ஆகவே நோட்டில் இருந்த ஒவ்வொரு தேதியிலும் ஒன்று கழித்து எழுதினாள். குழு அறிக்கையில் சேர்க்க ஸ்ரீராம்குமாருக்கு அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு வால்மீன் சூரியனைச் சுற்றும் நாள். குழுவினர் எஸ்.எஸ். காலனியில் ஸ்ரீராம்குமார் வீட்டில் கூடினார்கள். விண்கலம் ஒன்று, சூரியனை வட்டத் தகட்டால் மறைத்துக்கொண்டு அதைச் சுற்றியுள்ள வானத்தைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தப் படங்கள் பெரிய டிவியில் வந்தன. வால்மீன் வாலை விரித்துத் தகட்டை நோக்கித் தலைகீழாகப் பாய்ந்துகொண்டிருந்தது. ஒளி தாங்காமல் கேமராவில் வழிந்து, தலையின் இருபுறமும் ஒரு வெள்ளைக்கோடு நீட்டிக்கொண்டிருந்தது.

"தலைக்கு அலகு குத்திட்டுல்ல போகுது!" என்றான் ராம்கி. செல்போன் கடை வைத்திருக்கிறவன். குழுவில் வாய் அவனுக்குத்தான்.

எல்லோரும் சிரித்தார்கள். வால்மீன் தகட்டுக்குள் மறைந்தது. மறுபுறம் முழுசாக வருமா வராதா என்பது மறுநாள்தான் தெரியும். அப்போது ஸ்ரீராம்குமார் மடிக்கணினியைத் தாமரைச்செல்வியின் பக்கம் திருப்பினார்.

"தாமரை, தப்பா எடுத்துக்காதே. இந்த கிராஃபைப் பாரு. கறுப்புப் புள்ளியெல்லாம் மத்த நாட்டுக்காரங்க. சிவப்பு நீ."

கறுப்புப் புள்ளிகள் ஒரே கோடாக ஏறின. சிவப்புப் புள்ளிகள் பத்தும் அந்தக் கோட்டை விட்டு முன்னால் தள்ளி நின்றன.

"ஏழாவதைப் பாரு. பதினொண்ணாம் தேதி ராத்திரி வரைக்கும் யாருக்குமே அது வெடிக்கலை. உனக்கு மட்டும் பத்தாம் தேதியே வெடிச்சிருக்கு."

"வெடிச்சத நான் பாத்தேன் சார்."

"மதுரைக்காரங்கன்னா சும்மாவா? நமக்கு ஒரு நாள் முன்னாடியே பிரிவியூ போட்டுக் காட்டியிருக்கு" என்றான் ராம்கி.

மறுபடி சிரிப்பு. சிவபாண்டி சிரிக்கவில்லை. ஸ்ரீராம்குமாரும் சிரிக்கவில்லை.

"இதை அனுப்பினா நாம கற்பனையா எழுதினோம்னு நினைப்பாங்க. நாளைக்கு ராத்திரி எட்டு மணிக்குக் குழு ரிப்போர்ட் போகணும். உன்னோட பத்தையும் எடுத்துடறேன்மா. அடுத்த வால்மீனுக்குப் பாத்துக்கலாம்."

"எடுக்கிறதுன்னா எடுங்க சார். ஆனா நான் எதையும் மாத்தித் தரமாட்டேன். ஒரு எண்ணக்கூட."

"நான் மாத்தச் சொல்லலியே?"

"நீங்க சொல்லல. கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போட்டா ஒத்துப்போயிரும்னு ராம்கி அண்ணன் இப்பத்தான் காதுக்குள்ள சொன்னாரு. அதுக்குச் சொல்றேன்."

ராம்கி அவசரமாக டிவியைப் பார்த்தான்.

திரும்பும் வழியில் வண்டி வைகைப் பாலம் ஏறியது. பத்து விடியல், பத்து எண். பட்டறைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லியாயிற்று. மெதுவாகக் கேட்டான்.

"ஏம்மா, தூக்கக் கலக்கத்துல ஒருவேளை..."

"வண்டிய நிப்பாட்டு."

நிறுத்தினான். அவள் இறங்கி முன்னால் வந்து நின்றாள்.

"நீ ஒரு காயில எண்ணி நூத்தி இருவது சுத்துன்னு எழுதி வச்சிருக்க. ஒருத்தன் வந்து, நூத்திப்பத்துதான இருக்கணும்ங்குறான். என்ன செய்வ?"

"திரும்ப எண்ணுவேன்."

"அந்த விடியல நான் திரும்ப எண்ண முடியாதுண்ணே. அதனாலதான் அன்னைக்கே ரெண்டு தடவ எண்ணுனேன்."

ஏறி உட்கார்ந்தாள். சிவபாண்டிக்கு அதற்குமேல் சந்தேகம் இல்லை. எண்ணில் தப்பு இல்லை. அப்படியானால் தப்பு எங்கேயோ இருக்கிறது.

திங்கள் விடிகாலை ஐந்து மணிக்கே பட்டறையைத் திறக்க வேண்டியிருந்தது. ஒரு மாவு மில் மோட்டார் ஆறு மணிக்குள் போயாகவேண்டும். தாமரைச்செல்வி முதல் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் அப்போதுதான் கிளம்பியிருந்தாள். கூட்டாளி ஜெயபாண்டி கொட்டாவி விட்டுக்கொண்டே உள்ளே வந்தான். ஆணியில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான், மேல்தாளைச் சரக்கென்று கிழித்தான்.

"ஏய் ஏய்! விடியல, விளக்கு ஏத்தல. அதுக்குள்ள ஏன்டா தாளக் கிழிக்கிற?"

அந்த வீட்டு வழக்கம் அது. சூரியன் கிளம்பி, குளித்து, சாமிக்கு விளக்கு வைத்த பிறகுதான் அன்றைய தேதி. அதுவரை நேற்றுத்தான். சிவபாண்டியின் அப்பா அப்படிச் செய்தார், அவனும் அப்படியே செய்தான்.

"மாப்ள, ஊரு பூராவும் தேதி மாறி அஞ்சு மணி நேரமாச்சு. உன் காலண்டருக்கு மட்டும் என்ன தனிச் சட்டமா?" என்று ஜெயபாண்டி தாளைக் கசக்கி எறிந்தான்.

சிவபாண்டி கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். எண்ணிக்கை நடுவில் நின்றது. ஜெயபாண்டிக்குத் தெரிந்து அது முதல் முறை.

நோட்டை எடுத்து விரித்தான். முதல் விடியலுக்கு ஐந்து என்று எழுதியிருந்தது. பத்தாவதுக்குப் பதினான்கு. பத்தாம் நாள் திரும்பி வரும்போது தெருமுனைக் கறிக்கடையில் கூட்டம் வண்டியை மறித்தது, அம்மாவுக்காக அவனும் வரிசையில் நின்றான். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு பதினைந்தாம் தேதி அல்லவா? நாலு மணிக்கு, கிழிக்காத காலண்டரைப் பார்த்து, பத்து நாளும் நேற்றைய தேதியைத் தன் கையால் அழகாக எழுதி, ஸ்கேல் வைத்துக் கோடும் இழுத்திருக்கிறான்.

"என்ன மாப்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"மோட்டார நீ முடிச்சுக் குடு. நான் கப்பலூர் போறேன்."

ஷிஃப்டில் போன் கையில் இருக்காது. தேநீர் இடைவேளைவரை கம்பெனி வாசலில் நின்றான். தலையில் வலைத்தொப்பியோடு ஓடிவந்த தங்கையிடம் நோட்டை நீட்டினான்.

"தப்பு உன் கண்ணுல இல்லம்மா. என் கையில."

கிழிக்காத காலண்டரைப் பற்றிச் சொன்னான். அவள் நோட்டிலிருந்த தேதிகளை விரலால் ஓட்டிப் பார்த்தாள். "நீ ஒரு நாள் குறைச்சு எழுதியிருக்க. நான் உலக நேரத்துக்குன்னு இன்னொரு நாள் கழிச்சிருக்கேன். ஒழுங்கா இருக்கிற ரெண்டு பேரு சேர்ந்தா இப்படித்தான் போல."

"திட்டும்மா. சிரிக்காத."

"திட்ட நேரமில்ல. பத்து நிமிசம்தான் பிரேக்."

"இப்பப் போய்த் தேதி தப்புன்னு சொன்னா, மாட்டிக்கிட்டதும் சமாளிக்கிறாங்கம்பாங்க. அதான் எனக்குப் பயம்."

அவள் ஏழாம் பக்கத்தைப் புரட்டினாள். அன்று அவள் போட்ட படம். வால்மீன், அதன் வால், இடப்பக்கத்தில் பிறை, இடையில் 'இரண்டு விரல்' என்று அவள் கையெழுத்து.

"அண்ணே, நிலா ஒரு நாளைக்கு எம்புட்டு நகரும் தெரியுமா?" கையை நீட்டி முஷ்டியை மடக்கிக் காட்டினாள். "இந்தக் கைப்பிடிக்கும் மேல. நோட்டுல உள்ள பதினொண்ணாம் தேதின்னா பிறை எங்கயோ உசரத்துல நிக்கணும். வால்மீனுக்கு ரெண்டு விரல்ல நின்னுச்சுன்னா, அது பன்னெண்டாம் தேதி மட்டுந்தான். என்னைய நம்ப வேண்டாம், நிலாவ நம்பட்டும்."

மணி அடித்தது. அவள் உள்ளே ஓடினாள்.

மாலை ஏழு மணிக்கு இருவரும் ஸ்ரீராம்குமார் வீட்டில் இருந்தார்கள். வால்மீன் மறுபுறம் வருகிறதா என்று பார்க்க ராம்கியும் மற்றவர்களும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தாமரைச்செல்வி பேச வாயெடுக்குமுன் சிவபாண்டி நோட்டை மேசையில் வைத்தான். காலண்டர், விளக்கு, கறிக்கடை என்று ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னான். ஸ்ரீராம்குமார் கேட்டுக்கொண்டே நோட்டைப் புரட்டினார். முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை.

"படத்தைக் காட்டும்மா" என்றார் கடைசியில்.

கணினியில் வானத்தைப் பதினொன்றாம் தேதி ஐந்து இருபதுக்கு ஓட்டினார். பிறை மேலே வெகுதூரத்தில் நின்றது. பன்னிரண்டுக்கு ஓட்டினார். பிறை இறங்கி வந்து வால்மீனின் இடப்பக்கம் உட்கார்ந்தது. கையை நீட்டித் திரைமுன் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

பிறகு பத்துத் தேதிகளையும் ஒவ்வொரு நாள் கூட்டினார். சிவப்புப் புள்ளிகள் பத்தும் நகர்ந்து, கறுப்புக் கோட்டின்மேல் போய் வரிசையாக அமர்ந்தன. ஏழாவது மட்டும் கோட்டில் இருந்த ஓர் இடைவெளியில் விழுந்தது. இடைவெளி ஏழு மணி நேரம், அதற்குள் வேறு யாரும் வால்மீனைப் பார்த்திருக்கவில்லை.

"வெடிச்சதை முதல்ல பாத்தவங்கள்ல நீயும் ஒருத்தி" என்றார் ஸ்ரீராம்குமார். "பத்தையும் தூக்கிப் போட இருந்தேனே! சாரிம்மா."

"எண்ணு சரிதானே சார்?"

"அத்தனையும் சரி."

"அப்ப அனுப்புங்க. எட்டாகப் போகுது."

டிவியின் முன்னால் இருந்த ராம்கி கத்தினான். "சார்! அந்தப் பக்கம் வந்துருச்சு! அலகு குத்துனது குத்துனபடியே முழுசா வருது பாருங்க!"

எல்லோரும் எழுந்து ஓடினார்கள். சிவபாண்டி மட்டும் மேசையருகே நின்றான். ஸ்ரீராம்குமார் திரும்பி வந்து படிவத்தை முடித்தார்.

"முதல்ல குறிச்ச தேதியை மாத்தினா படிவத்துல காரணம் கேக்குது. டைப்பிங்ல தப்புன்னு போட்டுடறேன்."

"வேண்டாம் சார்" என்றான் சிவபாண்டி. "நடந்ததப் போடுங்க. தேதி எழுதினது அண்ணன் சிவபாண்டி. விடியுமுன்னாடி காலண்டர் தாளக் கிழிக்காததால ஒரு நாள் குறைஞ்சுபோச்சு. தங்கச்சி சொன்ன எண்ணுல மாத்தம் இல்ல. அப்படியே போடுங்க."

"இதை எப்படிப்பா நான் இங்கிலீஷ்ல எழுதறது?"

"அது உங்க பாடு" என்றாள் தாமரைச்செல்வி.

எழுதினார். ஐந்து வரி வந்தது. சிவபாண்டி அதைத் தன் நோட்டிலும் ஏழாம் பக்கத்தின் அடியில் எழுதி வைத்துக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வால்மீன் மேற்கே, சூரியன் விழுந்த இடத்துக்குச் சற்று மேலே தெரியத் தொடங்கியது. கப்பலூர் கம்பெனியின் மொட்டைமாடியில் இரண்டாம் ஷிஃப்ட்காரர்கள் டீ டம்ளரோடு கூடி நின்றார்கள். முதல் ஷிஃப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அண்ணனையும் அங்கே வரவழைத்திருந்த தாமரைச்செல்வி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, சூரியன் முழுக்க இறங்கிவிட்டதை இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, பைனாகுலரைக் கொடுத்தாள். கடைசியில் அதைத் தன் கையில் வாங்கினாள்.

"அண்ணே, மணி ஏழு. தேதி போட்டியா?"

சிவபாண்டி நோட்டை முழங்காலில் வைத்திருந்தான். பக்கத்தில் இப்போது இரண்டு கட்டங்கள் அடித்திருந்தான், நம் தேதிக்கு ஒன்று, உலகத் தேதிக்கு ஒன்று.

"இருவத்தேழு. போன்லயும் அதான், பட்டறைக் காலண்டர்லயும் அதான்."

"உலக நேரத்துல?"

"அங்க இப்ப மத்தியானம் ஒண்ணரை. அங்கயும் இருவத்தேழுதான். நீ எண்ணச் சொல்லு."

அவள் திருகைத் திருப்பினாள். அவன் பேனாவைத் தாளில் வைத்துக் காத்திருந்தான்.